கணினி பூட் ஆகவில்லையா? ஃபோர்மட் அடிக்கக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கணினி திறக்காமல் நின்றால் திருகோணமலையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபோர்மட் அடிச்சுத் தாறம், பின்னேரம் வாங்கோ." ஃபோர்மட் அடித்தால் பிள்ளையின் அசைன்மென்ட்டும் கடைக் கணக்கும் கலியாணப் படங்களும் சேர்ந்தே போகும். பூட் லோடர் கெட்டுப்போன கணினியில் உங்கள் ஃபைல்களுக்கு வழக்கமாக ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸை எழுப்பும் சின்னத் துண்டான பூட் லோடர் மட்டுமே பழுதாகியிருக்கும். அதைத் திருத்த அரை மணி நேரம் போதும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டளைகளையும் திரையில் வரும் செய்திகளையும் இங்கே உச்சரிப்பில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சில செய்திகள் ஒரு விநாடிதான் நிற்கும்.

லைட்டும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் கரண்ட் பிரச்சினை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ராம், அல்லது மொனிட்டர் வயர். கம்பனி லோகோ வந்து, பிறகு "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்" என்று வந்தால் பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) செட்டிங் மாறியிருக்கலாம், இல்லையென்றால் டிஸ்க் தெரியவில்லை. நீலத் திரையில் 0எக்ஸ்சி என்று தொடங்கும் நீண்ட எண்ணோடு "யுவர் பிசி நீட்ஸ் டு பி ரிப்பேர்ட்" என்று வந்தால் அது பூட் லோடர் வேலை. விண்டோஸ் வட்டம் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் பூட் லோடர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்டேட்டோ டிரைவரோ குழம்பியிருக்கும்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் நேரே கட்டளை அடிக்கத் தொடங்குவதால்தான் நல்ல கணினியும் கெடுகிறது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ. 48 இலக்கம். "நான் பிட்லொக்கர் போடவில்லையே" என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனால், பெரும்பாலான லப்டொப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். பயோஸில் ஒரு செட்டிங்கை மாற்றினாலே அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது கீ கேட்கும். கீ இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது. கொழும்புக்குக் கொண்டுபோனாலும் இதே பதில்தான்.

போனில் ஏகேஏ.எம்எஸ்/மைரிகவரிகீ என்ற முகவரிக்குப் போய், அந்தக் கணினியில் போட்டிருந்த மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு எடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. லப்டொப் வாங்கியபோது கடைக்காரரே தன் மின்னஞ்சலால் திறந்து தந்திருந்தால், கீ அவருடைய கணக்கில்தான் இருக்கும். பல்கலைக்கழக அல்லது அலுவலகக் கணக்கால் திறந்த கணினி என்றால் அங்குள்ள ஐடி பிரிவைக் கேட்க வேண்டும். கோணேசபுரி வளாக மாணவர்கள் தங்கள் லப்டொப் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, வாங்கிய பில்லும் உத்தரவாத அட்டையும். உத்தரவாதக் காலம் முடியாத லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றாதீர்கள். ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர் கிழிந்தாலே சில விற்பனையாளர்கள் கையை விரித்துவிடுவார்கள். சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, இரண்டு பென்டிரைவ். ஒவ்வொன்றும் 8 ஜிபியாவது வேண்டும். ஒன்றில் விண்டோஸ் இன்ஸ்டோலர், மற்றதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ (இன்ஸ்டோலர் ஃபைல்) 5 ஜிபிக்கு மேல் வரும், மின்ட் 3 ஜிபி அளவு. இரவு நேர டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றலாம், அதிலிருந்த எல்லாம் அழியும். வீட்டில் வேறு கணினியே இல்லை, அண்ட்ரொயிட் போன் மட்டும்தான் என்றால் எட்ச்ட்ரொயிட் என்ற செயலியும் போனில் பென்டிரைவைக் கொழுவும் ஓடிஜி வயரும் இருந்தால் மின்ட்டை ஏற்றிவிடலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓ அதில் சரிவராது.

செலவு: பயோஸ் பற்றரி, சாட்டா வயர் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பெரிய செலவு எஸ்எஸ்டி மாற்ற வேண்டி வந்தால்தான். அதன் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால், டவுனில் இரண்டு கடையிலும் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையிலும் வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

3. கரண்ட், ராம், பயோஸ் பற்றரி

லப்டொப் என்றால் சார்ஜரையும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் கொழுவித் திறவுங்கள். மின்னல் இடித்து, கரண்ட் போய் வந்த பிறகு "செத்துப்போன" லப்டொப்கள் சில இதிலேயே எழும்பும்.

டெஸ்க்டொப் என்றால் பின்பக்கச் சுவிட்ச், சுவர் பிளக், 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள். மொனிட்டர் வயர் கிரஃபிக்ஸ் கார்டில் கொழுவியிருக்கிறதா, மதர்போர்டில் கொழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டு இருந்தால் கார்டில்தான் கொழுவ வேண்டும்.

ராமுக்கு வருவோம். உப்புவெளி, நிலாவெளி, டச்பே பக்கம் கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று ராமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலமாகப் படியும். வாடைக்காலத்தில் பல நாள் திறக்காமல் வைத்த கணினியில் இது அடிக்கடி நடக்கும். வயரைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பு மின்னை இறக்கிவிட்டு, இரு பக்கக் கிளிப்பையும் திறந்து ராமை எடுங்கள். போன் திருத்தும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் துணியில் தொட்டுப் பற்களைத் துடையுங்கள். அழிறப்பரால் தேய்ப்பது ஊர் வழக்கம். அவசரத்துக்கு மெதுவாக ஒருமுறை தேய்க்கலாம், அடிக்கடி தேய்த்தால் பொன்பூச்சு போய்விடும், பிறகு இன்னும் வேகமாகப் பாசி பிடிக்கும். திரும்பப் போடும்போது இரு பக்கமும் "டிக்" என்று பூட்ட வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டிடிஆர்5 ராம் உள்ள புதிய கணினி, ராமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். ராமை அளந்து பழகும் நேரம் அது. பயந்து ஒஃப் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு தடவையும் திகதியும் நேரமும் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பற்றரி முடிந்துவிட்டது. 3 வோல்ட் பற்றரி, மீட்டரில் 2.8க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பூட் பிரச்சினைக்கு இந்தப் பற்றரி எவ்வளவு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது செத்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் பயோஸ் செட்டிங் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், நேற்றுவரை திறந்த விண்டோஸ் இன்று "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று நிற்கும். கழற்றும் முன் பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

4. பயோஸுக்குள் பார்க்க வேண்டியவை

உள்ளே போக, பவர் பட்டனை அழுத்தியவுடன் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல் என்றால் எஃப்2, பூட் மெனுவுக்கு எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப்பை அழுத்திவிட்டு எஃப்10, பூட் மெனுவுக்கு எஃப்9. லெனோவோ எஃப்2, எஃப்12, அல்லது பக்கத்தில் ஊசியால் குத்தும் சின்ன நோவோ பட்டன். ஏசுஸ் லப்டொப் எஃப்2, பூட் மெனுவுக்கு எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனு பயோஸில் முதலே அனுமதித்திருந்தால்தான் வரும்.

முதலில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் டெஸ்க்டொப்பில் சாட்டா வயரை மாற்றி, வேறு துளையில் கொழுவிப் பாருங்கள். அப்படியும் தெரியாத டிஸ்க்குக்கு எந்த மென்பொருளும் உதவாது.

தெரிந்தால், பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலாவதாக இருக்க வேண்டும். கொழுவியிருக்கும் பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரிண்டருக்குள் மறந்துபோன மெமரி கார்டு கூடப் பூட்டைக் குழப்பும்.

அடுத்து பூட் முறை. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறையில்தான் திறக்கும். ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) டிஸ்க் என்றால் யூஇஎஃப்ஐ, எம்பிஆர் (பழைய முறை) டிஸ்க் என்றால் லெகசி. எது என்று மறந்திருந்தால் இரண்டையும் ஒவ்வொருமுறை மாற்றிப் பார்க்கலாம், அதனால் டேட்டா அழியாது.

கடைசியாக, சாட்டா அல்லது ஸ்டோரேஜ் முறை, அதாவது மதர்போர்ட் டிஸ்க்கோடு பேசும் முறை. இதில்தான் கனபேர் மாட்டுப்படுகிறார்கள். ஏஎச்சிஐ ஆக இருந்தது ரெயிட் ஆகவோ, ரெயிட் ஆக இருந்தது ஏஎச்சிஐ ஆகவோ மாறினால் விண்டோஸ் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை காட்டும். பழைய நிலைக்கு மாற்றினால் சரி. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த லப்டொப்களில் விஎம்டி என்ற செட்டிங்கும் இதே வேலையைச் செய்யும். இன்ஸ்டோலருக்கு டிஸ்க் தெரியவில்லை என்றால் "விஎம்டியை ஒஃப் பண்ணு" என்று யூடியூப்பில் சொல்வார்கள். ஒஃப் பண்ணினால் இன்ஸ்டோலருக்கு டிஸ்க் தெரியும், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் திறக்காது. பழைய விண்டோஸைக் காப்பாற்றத்தான் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். லப்டொப் கம்பனியின் தளத்தில் கிடைக்கும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" மூலம் காட்டுங்கள்.

5. திருத்தும் முன் டேட்டாவை வெளியே எடுங்கள்

டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டால் உடனே ஒஃப் பண்ணுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

சத்தம் இல்லையென்றால் மின்ட் பென்டிரைவில் பூட் பண்ணுங்கள். இன்ஸ்டோல் பண்ண வேண்டாம், அப்படியே இயக்கினால் போதும். "டிஸ்க்ஸ்" என்ற செயலியில் ஸ்மார்ட் டேட்டாவை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) திறந்து, ரீஅலொக்கேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் இரண்டும் பூச்சியமா என்று பாருங்கள். பெண்டிங் எண் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க்கின் கதை முடிகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளை) ஓட்டக்கூடாது. சாகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் வாசிக்க வைத்து, கிடைக்க இருந்த ஃபைல்களையும் அது கெடுத்துவிடும்.

விண்டோஸ் டிரைவைத் திறந்து டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நாலையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். பிட்லொக்கர் இருந்தால் 48 இலக்கத்தைக் கேட்கும். எழுத முடியாது, வாசிக்க மட்டும்தான் முடியும் என்று சொன்னாலும் கொப்பி எடுக்க அது போதும். 200 ஜிபி என்றால் யூஎஸ்பி 3இல் நல்ல ஹார்ட் டிஸ்க்கிலிருந்து முக்கால் மணி நேரம் அளவில் முடியும். பழைய யூஎஸ்பி 2 என்றால் இரண்டு மணி நேரம் அளவில் ஆகும். யூபிஎஸ் இல்லையென்றால் மழை இருட்டிவரும் பின்னேரத்தில் தொடங்க வேண்டாம்.

6. விண்டோஸ் பூட் லோடரைத் திருத்துதல்

விண்டோஸ் பென்டிரைவில் பூட் பண்ணி, மொழியைத் தெரிவு செய்தபின் "ரிப்பேர்" என்று வரும் தெரிவை எடுங்கள். "இன்ஸ்டோல்" அல்ல. பென்டிரைவ் இல்லையென்றால், லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஒஃப் பண்ணுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் ரிகவரித் திரை தானாக வரும். ஆனால் "அப்டேட்ஸ்" என்று சதவீதம் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள்.

ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால், முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிரச்சினை என்றால் "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்". பிறகு சிஸ்டம் ரிஸ்டோர். "ரீசெட் திஸ் பிசி" என்பதில் ஃபைல்களை வைத்திருக்கும் தெரிவு இருந்தாலும் புரோகிராம் எல்லாம் போய்விடும். கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதில் கவனமாக இருங்கள்.

இவை சரிவராவிட்டால் கமாண்ட் புரொம்ப்ட். இணையத்தில் எல்லோரும் சொல்லும் "பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்" யூஇஎஃப்ஐ கணினிகளில் பெரும்பாலும் "அக்சஸ் இஸ் டினைட்" என்று முகத்தில் அடிக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
லிஸ்ட் வொலியூம்

முதல் பட்டியலில் ஜிபிடி என்ற நிரலில் நட்சத்திரக் குறி இருந்தால் யூஇஎஃப்ஐ கணினி. இரண்டாவது பட்டியலில் ஃபாட்32 என்று, 100 முதல் 300 எம்பி அளவில் இருப்பதுதான் பூட் பகுதி. உங்கள் பென்டிரைவும் ஃபாட்32 ஆகவே தெரியலாம், ஆனால் அதற்கு எதிரே "ரிமூவபிள்" என்று இருக்கும். விண்டோஸ் உள்ள பெரிய என்டிஎஃப்எஸ் பகுதியின் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிகவரித் திரையில் அது சியாக இல்லாமல் டியாகவோ ஈயாகவோ இருப்பது சாதாரணம். பூட் பகுதி 2ஆம் இலக்கம் என்று வைத்துக்கொண்டால்:

செலக்ட் வொலியூம் 2
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்
பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

கடைசி வரியில் சி என்பதற்குப் பதிலாக நீங்கள் குறித்த எழுத்தைப் போடுங்கள். "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுலி கிரியேட்டட்" என்று வந்தால் பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் பண்ணுங்கள். "ஃபெயிலியர்" என்று வந்தால் பெரும்பாலும் டிரைவ் எழுத்து பிழை. எழுத்து சரி, இன்னும் வரவில்லை என்றால் அந்தச் சின்னப் பகுதியே கெட்டிருக்கிறது. மறுபடி டிஸ்க்பார்ட்டுக்குள் போய், அதே பகுதியைத் தெரிவு செய்து, "ஃபோர்மட் குயிக் எஃப்எஸ்=ஃபாட்32" அடித்துவிட்டு பிசிடிபூட்டைத் திரும்ப ஓட்டுங்கள். தெரிவு செய்திருப்பது 100 எம்பிக்காரன்தானா என்று இரண்டு தடவை பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். அதே கணினியில் லினக்ஸும் இருந்தால் அதன் பூட் ஃபைலும் இதோடு போகும்.

டிஸ்க்பார்ட்டில் "கிளீன்" என்று ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிஸ்க்கின் பகுதிகள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

பழைய எம்பிஆர் கணினி என்றால் "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" அடித்து, சிஸ்டம் ரிசர்வ்ட் பகுதிக்கு எஸ் எழுத்துக் கொடுத்து, மேலே சொன்ன கடைசி வரியில் யூஇஎஃப்ஐ இருந்த இடத்தில் பயோஸ் என்று போட்டால் சரி.

7. லினக்ஸும் சேர்ந்து இருந்தால்

விண்டோஸுக்குள் இருந்து லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டு, அடுத்த பூட்டில் "கிரப் ரெஸ்கியூ" என்ற கறுப்புத் திரையைக் கண்டவர்கள் பதற வேண்டாம். லினக்ஸின் பூட் லோடரான கிரப், அழிந்த பகுதியைத் தேடிக்கொண்டு நிற்கிறது, வேறொன்றும் இல்லை. யூஇஎஃப்ஐ கணினி என்றால் பயோஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்தால் வேலை முடிந்தது.

லினக்ஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் பகுதி இலக்கம் மாறிவிட்டது என்றால், அந்தத் திரையில் "எல்எஸ்" அடியுங்கள். வரும் பகுதிகளை ஒவ்வொன்றாக "எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/" என்பதுபோலப் பார்த்து, ஈடிசி, ஹோம், பூட் தெரிவதைக் கண்டுபிடியுங்கள். பிறகு:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்
இன்ஸ்மொட் நோர்மல்
நோர்மல்

மெனு வரும். லினக்ஸுக்குள் போனதும் "சுடோ கிரப்-இன்ஸ்டோல்", "சுடோ அப்டேட்-கிரப்" இரண்டையும் ஓட்டாவிட்டால் நாளைக்கும் இதே திரைதான்.

2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல இரட்டைப் பூட் கணினிகள் "எஸ்பேட்" என்ற சொல்லோடு "செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்" காட்டி நின்றன. பழைய இன்ஸ்டோலர் பென்டிரைவிலும் இது வரும். பயோஸில் செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத பூட் லோடரைத் தடுக்கும் செட்டிங்) என்பதை ஒஃப் பண்ணி, லினக்ஸை முழுதாக அப்டேட் பண்ணிவிட்டு மறுபடி ஓன் பண்ணுங்கள். ஒஃப் பண்ணியதும் விண்டோஸ் பக்கம் பிட்லொக்கர் கீ கேட்கும்.

8. கடைக்குக் கொடுப்பதென்றால்

"டேட்டா அழிக்கக் கூடாது, ஃபோர்மட் வேண்டாம்" என்று ஜொப் நோட்டில் எழுதச் சொல்லி, அதைப் போட்டோ எடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, திருத்தினால் எவ்வளவு, திருத்தாமல் திருப்பி எடுத்தால் எவ்வளவு என்று மூன்றையும் முதலே கேளுங்கள். ராமின் அளவு, டிஸ்க்கின் பெயர், சீரியல் நம்பர் மூன்றையும் அந்த நோட்டிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

மதர்போர்ட் மாற்ற வேண்டும் என்றால் விண்டோஸ் லைசன்ஸ் பெரும்பாலும் பழைய போர்டோடு போய்விடும் என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். உத்தரவாதத்துக்குக் கொழும்புக்கு அனுப்பும் லப்டொப் என்றால், போய்வரும் நாட்களுக்கு மேல் பாகம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். சோதனைக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதற்குள் வேறு வழி பாருங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்தில் மாற்றினால் தரமாட்டார்கள், காசு கொடுத்து மாற்றினால் அது உங்களுடையது.